ஒன்பதாம் நம்பர் கிணறு

தூத்துக்குடி
12.9.1993

ஏலே யதி,

இப்படி ஆரம்பிக்கலாமா கூடாதான்னு யோசிச்சே ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். 'மதிப்பிற்குரிய பேராசிரியர் யதிராஜன் அவர்களுக்கு'ன்னு ஒரு தாள்ல எழுதிப் பாத்தேன். வாசிக்க எனக்கே சிரிப்பா வந்துது. மூணு வருஷம் ஒரே மேஜையில, ஒரே ப்யூரெட்டைப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் கண்ணாடிக் குழாயிலேர்ந்து விழுற சொட்டை எண்ணிக்கிட்டு நின்ன பயலுக்கு என்ன மதிப்பு வேண்டிக் கெடக்கு. அதான் ஏலேன்னே போட்டுட்டேன். கோவம் வந்தா வரட்டும்.

உன் விலாசம் நம்ம வகுப்பு பாஷ்யம் குடுத்தான். அம்பத்தொம்பதாம் வருஷத்துப் பயலுவளை எல்லாம் வர்ற ஜனவரியில காலேஜ்ல கூட்டி உக்கார வைக்கப் போறானாம். அதுல உனக்குப் பெரிய மரியாதை இருக்குன்னு சொன்னான். கெமிஸ்ட்ரி லேபுக்கு உன் பேரை வைக்கப் போறாவளாமே. சந்தோசம்லே. நம்ம ரெண்டு பேரும் ஆசிட்டைக் கொட்டி மேஜையைப் பொத்தலாக்கின லேபு அது.

என் கதையைச் சொல்லுதேன். பரீட்சை முடிஞ்ச மறு வருஷமே இங்கன உள்ள கெமிக்கல் கம்பெனி லேபுல சேந்தேன். முப்பத்திரெண்டு வருஷம் அங்கனதான். போன வருஷம் ஒரு சால்வையைப் போத்தி அனுப்பி வச்சாவ. என் வீட்டுக்காரி செல்லக்கனி ரெண்டு வருஷத்துக்கு முன்னால போயிட்டா. நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா. ஒரே மக, பேரு சண்முகத்தாய். மணல்விளையில கட்டிக் குடுத்து பத்து வருஷம் ஆச்சு. ரெண்டு பிள்ளைய இருக்கு. அவளுக்கு இப்போ ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லிட்டாவ. என் வீட்டுலதான் இருக்கா. வாரத்துக்கு ரெண்டு தடவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டியாரேன். பஸ்ல வரும்போது என் தோள்ல சாஞ்சு தூங்குவா. கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் இப்பதான் என் பக்கத்துல இவ்வளவு நேரம் இருக்கா.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் விலாசமே வாங்கினேன். எண்பத்தஞ்சுல கம்பெனியைச் சுத்தியிருக்கிற பதினாலு கிணத்துத் தண்ணி நல்லாருக்குன்னு நீ ஒரு அறிக்கை குடுத்தேல்லா. சர்க்கார் வெளியாளை வச்சுப் பாக்கச் சொல்லி, கம்பெனி உன்னைப் பிடிச்சுது. வாராவாரம் தண்ணி அளவு எழுதின என் ரிஜிஸ்டரு ஆறும் பெட்டியில கட்டி மெட்ராசுக்கு உன்கிட்ட வந்துதே. அதை நீ புரட்டிப் பாத்தியாலே, சும்மா கையெழுத்துப் போட்டியா? தப்பா எடுத்துக்காதே. தெரிஞ்சுக்கணும்.

உன்
சங்கரபாண்டியன்


மேற்கு மாம்பலம், சென்னை
24.9.1993

அன்புள்ள பாண்டி,

தபால்காரர் கொடுத்த கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே பிரித்துப் படித்தேன். 'ஏலே' என்று என்னைக் கூப்பிட இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. ஸார், புரொபஸர், மாமா, தாத்தா எல்லாம் ஆகிவிட்டேன். என் மனைவி கிருஷ்ணவேணியிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை நாள் ஏன் எழுதலை, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றாள். சண்டை ஒன்றுமில்லை என்றேன். யோசித்தால், சண்டை இருந்திருந்தால்கூட எழுதியிருப்போம்.

உன் மனைவி காலமான செய்தி எனக்குத் தெரியாது. உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை, இதற்கும் வரவில்லை. எந்த முகத்தோடு துக்கம் விசாரிப்பது என்று தெரியவில்லை.

எனக்கு ஒரே பையன். அமெரிக்காவில் இருக்கிறான். மாதம் ஒரு ஞாயிறு போன் வரும். முதல் மூன்று நிமிஷம் அவன் அம்மா பேசுவாள், மிச்சம் இருந்தால் நான். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் பாராயணம், பிறகு பேப்பர், பிறகு பாங்க்கில் வேலை இல்லாவிட்டாலும் பாங்க்குக்கு ஒரு நடை. இவ்வளவுதான் என் வாழ்க்கை என்று எழுதும்போதுதான் எவ்வளவு சின்னது என்று தெரிகிறது.

உன் கடிதம் படித்ததிலிருந்து ஐம்பத்தெட்டில் முத்துக்குளிப்பு நடந்த சமயம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. ஏலத்தில் ஒரு சின்னக் குவியல் சிப்பியை எடுத்து, லேபுக்குப் பின்னால் சாக்கில் போட்டு அழுக வைத்தோமே. நாலாம் நாள் காலேஜ் முழுக்க நாறியது. நீ ஆயிரம் முத்து எடுப்பேன் என்று நூலும் ஊசியும் வேறு கொண்டுவந்திருந்தாய். ஒன்றுகூட இல்லை. பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டபோது நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றேன், நீ மட்டும் பெஞ்சின்மேல் ஏறினாய். அதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இல்லையா?

சண்முகத்தாய்க்கு இங்கே ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார். என் மாணவரின் அண்ணா. சொன்னால் உடனே பார்ப்பார். அழைத்துக்கொண்டு வா, எங்கள் அகத்திலேயே தங்கலாம்.

நீ கேட்ட அந்தப் பழைய அறிக்கை. எட்டு வருஷம் ஆகிவிட்டது. உன் ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதற்கு மேல் எனக்கு ஞாபகமில்லை. எதற்குக் கேட்கிறாய்?

அன்புடன்
யதி


தூத்துக்குடி
10.10.1993

யதி,

டாக்டருக்கு நன்றி. அவளால அவ்வளவு தூரம் ரயில்ல வர முடியாது. மதுரைக்கே படுக்க வச்சுத்தான் கூட்டிட்டுப் போறோம்.

எதுக்குக் கேட்டேன்னு சொல்லுதேன். உக்காந்து வாசி.

கம்பெனியில கடல் தண்ணியை ஏத்தி பெரிய பெரிய தொட்டியில நிப்பாட்டி வச்சிருப்பாவ. கழிவுத் தண்ணிக்குத் தனிக் குழி. சுத்தி இருக்கிறது எல்லாம் தேரிச் செம்மணலு, தண்ணி நிக்காது. தொட்டி கசிஞ்சா நேரா ஊர்க் கிணத்துக்குத்தான் போகும். அதனால வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பதினாலு கிணத்துத் தண்ணியையும் எடுத்து, உப்பு ஏறிருக்கான்னு பாக்கணும். உப்பு ஏறிருந்தா மத்த விசத்தையும் பாக்கணும், தொட்டியை அடைக்கணும். இதுதான் விதி. அந்த வேலை என் தலையில விழுந்துது.

எழுபத்தொம்பதாம் வருஷம் பூரா ஒழுங்காச் செஞ்சேன். செல்லக்கனி மேல ஆணையாச் சொல்லுதேன். சைக்கிள்ல பதினாலு பாட்டிலைக் கட்டிக்கிட்டு இருவது கிலோமீட்டர் சுத்துவேன். ஒவ்வொரு தண்ணிக்கும் மூணு தடவை சில்வர் நைட்ரேட்டைச் சொட்டு விட்டு, எத்தனை மில்லி செலவாச்சுன்னு அளவெடுப்பேன், உப்பு கூடுனா அளவும் கூடும். மஞ்சத் தண்ணி செங்கல் நிறம் ஆகிற வரைக்கும் கண்ணை எடுக்காம நிப்பேன். வருஷம் பூரா ஒரே அளவுதான். எட்டுப் புள்ளி ஆறு, எட்டுப் புள்ளி ஆறு. மறு வருஷம் வெள்ளி விலை தாறுமாறா ஏறிப்போச்சு. சில்வர் நைட்ரேட்டை மேனேஜரு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. ஒரு பாட்டிலை வச்சு ஆறு மாசம் ஓட்டுய்யான்னாரு. எப்படி ஓட்ட? உக்காந்த இடத்துல எழுத ஆரம்பிச்சேன்.

எப்படி எழுதினேன்னு உனக்குச் சொல்லணுமாலே? நீ சொல்லிக்குடுத்ததுதான். பரீட்சைக்கு முந்தி, விடையைத் தெரிஞ்சுக்கிட்டுப் பின்னாலேர்ந்து அளவைப் போடுவோமே. "மூணும் ஒண்ணாப் போட்டா மாட்டிப்போம்டா பாண்டி. முதல் தடவை எவனும் ஒரு சொட்டு தாண்டித்தான் போவான். முதல் அளவுல புள்ளி ரெண்டு கூடப் போடு, அடுத்த ரெண்டையும் ஒண்ணாப் போடு. எந்த வாத்தியாரும் நம்பிடுவா." நீ சொன்ன வார்த்தை இது. எட்டுப் புள்ளி எட்டு, எட்டுப் புள்ளி ஆறு, எட்டுப் புள்ளி ஆறு. பதினாலு கிணத்துக்கும் அப்படித்தான் போட்டேன். ஆறு வருஷம் கையெழுத்து அழகா வரணும்னு நல்ல பேனாவா வாங்கி எழுதினேன், அந்தக் கொடுமையைக் கேளு.

எண்பத்தி மூணுல சண்முகத்தாய்க்கு மணல்விளையிலேர்ந்து சம்பந்தம் வந்துது. நம்ம பக்கத்துல பொண்ணு குடுக்குமுன்னால முதல்ல ஊர்க் கிணத்துத் தண்ணியைத்தானே விசாரிப்பாவ. காடு கரை எல்லாம் அப்புறம். நான் போயிக் குடிச்சுப் பாத்தேன். லேசாக் கரிச்சுது. அப்பதான் வெத்தலை போட்டிருந்தேன், அதனால இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். செல்லக்கனி கேட்டா, "ஏங்க, நீங்கதான அந்தத் தண்ணியை வாராவாரம் பாக்கிய, எப்படி இருக்கு?"ன்னு. நல்ல தண்ணின்னு சொன்னேன். ரிஜிஸ்டருல எட்டுப் புள்ளி ஆறுன்னு இருக்கே. நானே எழுதின பொய்யை நானே பாத்து நம்பிட்டேன். மணல்விளைக் கிணறு ஒன்பதாம் நம்பர்.

அப்புறம் உன்கிட்ட ரிஜிஸ்டரு போச்சு. ரெண்டு மாசம் எனக்குச் சோறு இறங்கல. யதி கண்டுபிடிச்சிருவான், அவன் கத்துக்குடுத்த வேலைல்லா, வேலை போயிரும்னு பயந்தேன். ஆனா உள்ளுக்குள்ள, கண்டுபிடிச்சா நல்லதுன்னும் இருந்துது. நீ தண்ணி நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினே. இவ்வளவு பெரிய புரொபசருக்கே ஒண்ணும் தெரியலைன்னா, தண்ணி நிசமாவே நல்லாத்தான் இருக்கும்போலன்னு நிம்மதியாப் போயிட்டேன்.

எண்பத்தேழுல மக வந்து, "அப்பா, தண்ணி வாயில வைக்க முடியல"ன்னா. அன்னைக்குத்தான் பீரோச் சாவியைத் திருடி, ஒன்பதாம் நம்பரை மட்டும் நிசமா அளந்தேன். நாப்பத்திரெண்டு வந்துது. எட்டரை எங்கே, நாப்பத்திரெண்டு எங்கே. மேனேஜருகிட்ட ஓடினேன். அவரு உன் அறிக்கையை எடுத்து மேஜையில வச்சு, "மெட்ராஸ் புரொபசர் சரின்னுட்டாரு. இப்போ மாத்தினா நீரு இத்தனை வருஷம் பொய் எழுதினதாத்தான் ஆகும், யோசிச்சுக்கிடும்"ன்னாரு. யோசிச்சுக்கிட்டேன். வாயை மூடிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை தோறும் இங்கேர்ந்து ரெண்டு கேன் தண்ணி பஸ்ல கொண்டுபோயி மகளுக்குக் குடுத்தேன். ஊர்க்காரன் கேட்டா, சாமிக்கு நேந்த தீர்த்தம்னு சொல்லுவேன். இப்பதான் தெரியுது, அதை மாமியாருக்கும் பிள்ளையளுக்கும் குடுத்துட்டு அவ கிணத்துத் தண்ணியேதான் குடிச்சிருக்கா.

இப்போ மணல்விளை அய்யாக்குட்டி அண்ணாச்சி ஊர் சார்பா கேஸ் போட்டிருக்காரு. கிணத்தை மூடணும், தொட்டியை அடைக்கணும், குழாய்த் தண்ணி குடுக்கணும்னு. ஊர்ல இன்னும் எழுவது வீடு அந்தத் தண்ணியைத்தான் குடிக்கி. நான் அவுங்க வக்கீல் ஞானதீபத்துகிட்டப் போயி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். அவரு சொல்லுதாரு, "நீங்க மக சீக்காக் கிடக்கிறதால உளறுதீங்கன்னு கம்பெனியில சொல்லிருவான். ரிஜிஸ்டர் பொய்னு அந்தப் புரொபசரே சொன்னாத்தான் நிக்கும்."

ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுலே. ரிஜிஸ்டரை இப்போ பாத்தா இது பின்னாலேர்ந்து எழுதினதுன்னு தெரியுது, என் அறிக்கையை வாபஸ் வாங்குதேன்னு. டிசம்பர் இருவதாம் தேதி விசாரணை. உன்கிட்ட நான் வேற ஒண்ணும் கேக்கல.

பாண்டி


சென்னை
2.11.1993

அன்புள்ள சங்கரபாண்டியனுக்கு,

கை கொஞ்சம் நடுங்குவதால் டைப் செய்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை மிகுந்த வேதனையுடன் படித்தேன். உன் மகளின் நிலைமை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது. ஆனால் சில விஷயங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். கிணற்றில் உப்பு ஏற மழைக் குறைவு, கடல்நீர் உட்புகுதல் என்று பல காரணங்கள் உண்டு. உப்புத் தண்ணீரால்தான் சிறுநீரகம் கெட்டது என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். மாணவப் பருவத்தில் விளையாட்டாக நான் ஏதோ சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பேச்சை நீதிமன்றத்தில் வைக்க முடியுமா?

எனக்கு அனுப்பப்பட்ட ஆவணங்களை வைத்து அன்று என் கருத்தைச் சொன்னேன். ஆவணத்தில் தவறு இருந்தால் அது என் தவறு ஆகாது என்பது உனக்கே தெரியும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஜனவரி 23 அன்று காலேஜில் அந்த விழா. பாஷ்யம் ஒரு வருஷமாக அலைந்து ஏற்பாடு செய்திருக்கிறான். என் பையன் இதற்காகவே ஊரிலிருந்து வருகிறான், ஆறு வருஷம் கழித்து. இந்தச் சமயத்தில் என் பெயர் கோர்ட்டில் அடிபட்டால் கிருஷ்ணவேணி தாங்க மாட்டாள். விழா முடியட்டும். பிப்ரவரியில் நானே நேரில் வந்து வக்கீலைப் பார்க்கிறேன். விசாரணையை ஒத்திவைக்கச் சொல்ல முடியாதா? கேட்டுப் பார்.

இப்படிக்கு
யதிராஜன்


தூத்துக்குடி
9.11.1993

புரொபசர் அவர்களுக்கு,

டைப் அடிச்ச காயிதம் கெடைச்சுது. அறிக்கையில கையெழுத்துப் போடும்போது உங்க கை நடுங்கலை போலிருக்கு.

ஒத்திவைக்க முடியுமான்னு கேட்டேன். வக்கீல்கிட்ட இல்ல, மககிட்ட. வெளியில மழை, மதுரை பஸ்சு ஓடல, அவ உடம்பு பூரா நீர் கோத்து, முகம் வீங்கி உக்காந்திருந்தா. "யாருப்பா மெட்ராஸ்லேர்ந்து எழுதுறாவ?"ன்னா. என்கூடப் படிச்சவன்ம்மான்னேன். "உதவி செய்வாவளா?"ன்னா. பிப்ரவரியில செய்வான்னேன். சரிப்பான்னு சுவத்துல சாஞ்சுக்கிட்டா. எனக்குத்தான் சொல்லும்போது வாய் கூசிட்டு.

உங்க மேல மட்டும் பழி போடுதேன்னு நினைக்க வேண்டாம். எழுதினவன் நான். அவளை அந்த ஊர்ல குடுத்தவன் நான். எண்பத்தேழுல வாயை மூடிக்கிட்டவனும் நான்தான். அதுக்கு மன்னிப்பு யாருகிட்டயும் கேக்கப் போறதில்ல, குடுக்கவும் ஆளில்ல. நான் கேக்கது எழுவது வீட்டுக்காக. அந்த வீட்டுப் பிள்ளைய இன்னும் அந்தத் தண்ணியில பால் கலக்கிக் குடிக்கி.

சிப்பி கேஸ்ல பெஞ்சு மேல நான் ஒருத்தனே ஏறினேன்னு எழுதிருந்தியே யதி. இந்தத் தடவை நீயும் ஏறணும்லே. நான் ஒருத்தன் ஏறினா யாரும் நம்ப மாட்டேங்கான்.

ச. பாண்டியன்


கார்டு
தூத்துக்குடி
21.12.1993

நேத்து விசாரணை நடந்துது. உன்கிட்டேர்ந்து ஒண்ணும் வரல. கடைசி வரைக்கும் தபாலாபீசுல போயிக் கேட்டேன். கூண்டுல ஏறி உள்ளதைச் சொன்னேன். கம்பெனி வக்கீல் உன் அறிக்கையை எடுத்து, உன் பட்டம் எல்லாத்தையும் ஒண்ணு விடாம வாசிச்சான். அப்புறம் என்னைப் பாத்து, "உங்க மகளுக்கு உடம்பு எப்படி இருக்கு?"ன்னு தன்மையாக் கேட்டான். எனக்கு அழுகை வந்துட்டு. அவனுக்கு அது போதும். நீதிபதி தண்ணி குடுக்கச் சொன்னாரு. தீர்ப்பு ஜனவரி 19. அதுக்குள்ளயாவது எழுது. - ச.பா.


மேற்கு மாம்பலம்
27.1.1994

பாண்டி,

இதைக் கையால் எழுதுகிறேன். என் கையில் நடுக்கம் எதுவும் இல்லை. அன்றும் இல்லை.

விழாவுக்கு வந்திருந்தேன். நீ வரமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். மாலை போட்டார்கள். பெயர்ப் பலகையின் திரையை என் பையன் விலக்கினான். எல்லோரும் கை தட்டினபோது பாஷ்யம் என் காதருகில் குனிந்து, "நம்ம பாண்டியோட பொண்ணு டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி போயிட்டா, தெரியுமோல்லியோ?" என்றான். நான் சிரித்த முகத்தோடு இருந்தேன். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து உன் தெரு முனை வரை வந்தேன். ஒரு கடையில் உன் வீட்டைக் கேட்டேன். கை காட்டினார்கள், பச்சைக் கதவு என்றார்கள். இறங்க முடியவில்லை. ஸ்டேஷனுக்கே திருப்பச் சொன்னேன்.

நீ முதல் கடிதத்தில் கேட்டாய், புரட்டிப் பார்த்தாயா இல்லை சும்மா கையெழுத்துப் போட்டாயா என்று. ஞாபகமில்லை என்று எழுதினேன். பொய்.

பார்த்தேன் பாண்டி. முதல் ரிஜிஸ்டரின் ஒரு பக்கத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. முதல் அளவில் புள்ளி இரண்டு கூட, அடுத்த இரண்டும் ஒன்று. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அப்படியே. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த வித்தை. எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வரவில்லை. சிரித்தேன். கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டு, "பாரு, என் சிநேகிதன் இன்னும் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே பண்ணிண்டிருக்கான்" என்று காட்டினேன். அன்று எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். இருபத்தாறு வருஷமாக ஒரு கடுதாசு போடாதவன் என்னை மறக்கவில்லை என்று சந்தோஷம். உன்னை மாட்டிவிட மனசு வரவில்லை. கிணற்றில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரை யார் குடிப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். ரசாயனம் படித்தவனுக்கு வேறு என்ன தோன்ற வேண்டும்?

ஒரு சொல் அன்று நான் உனக்கு எழுதியிருந்தால், "டேய், இது என்ன விளையாட்டு, நிஜமாக அளந்து அனுப்பு" என்று, இரண்டே வருஷக் கசிவோடு போயிருக்கும். நான் உன்மேல் வைத்த பிரியம்தான் உன் பெண்ணைக் கொன்றது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீ கேட்ட ஒரு பக்கம் மூன்று பக்கமாக இத்துடன் இருக்கிறது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சிரித்ததையும் எழுதியிருக்கிறேன். பையன் படித்தான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை, நேற்றுத் திரும்பிப் போய்விட்டான். கிருஷ்ணவேணி மட்டும், "பேசாமல் போஸ்ட் பண்ணிட்டு வாங்கோ" என்றாள்.

தீர்ப்பு என்ன ஆயிற்று? எதுவாக இருந்தாலும் மேல் கோர்ட்டில் இது உதவாதா?

யதி


தூத்துக்குடி
11.2.1994, வெள்ளிக்கிழமை

யதி,

உன் காயிதமும் மூணு பக்கமும் வந்து பத்து நாள் ஆச்சு.

கேஸ் பத்தொம்பதாம் தேதியே தள்ளுபடி ஆயிட்டு. தண்ணி கெட்டதுக்கு ஆதாரம் இல்லையாம். புரொபசர் அறிக்கையை மறுக்க யாரும் வரலையாம். நீ அனுப்பினதைத் தூக்கிக்கிட்டு ஞானதீபம் வக்கீலைப் பாத்தேன். ரெண்டு தடவை வாசிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. "இது ஒரு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா ஜெயிச்சிருப்போம்"ன்னாரு. அப்பீலுக்கு மனுதாரர் கையெழுத்து வேணும். மணல்விளைக்குப் போனேன். அய்யாக்குட்டி அண்ணாச்சி வீடு பூட்டிக் கிடக்கு. தீர்ப்பு வந்த மறு வாரமே தன் காட்டு நிலத்தைக் கம்பெனிக்கே எழுதிக் குடுத்துட்டு, இனி வழக்கே இல்லைன்னும் கையெழுத்துப் போட்டுட்டு, திருப்பூருக்கு மகன்கிட்டப் போயிட்டாராம். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல. மிச்சம் பேருகிட்டக் கேட்டேன். "நீதான எழுதினே, நீயே குடிச்சுச் சாவு"ன்னு ஒருத்தி கதவைச் சாத்துனா. சரிதான்.

எழுவது வீட்டுல இப்போ பத்தொம்பது வீடுதான் இருக்கு. போக வழி இல்லாதவுக மட்டும். அவுக இன்னும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்காவ. என் மருமகனும் பிள்ளையளைக் கூட்டிக்கிட்டு பம்பாய்க்கு அவன் சித்தப்பா கடைக்குப் போயிட்டான். பிள்ளைய எனக்குக் காயிதம் போடக் கூடாதுன்னு சொல்லிருக்கானாம்.

சண்முகத்தாய் எப்படிப் போனான்னு நீ கேக்கல. கேக்காம இருந்ததும் நல்லதுதான். ஆனா நான் சொல்லியாகணும், சொல்ல வேற ஆளில்ல. கடைசி ஒரு வாரம் டாக்டரு நாளுக்கு ஒரு தம்ளருக்கு மேல தண்ணி குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. தண்ணி தண்ணின்னு கேப்பா. ஒரு துணியை நனைச்சு உதட்டுல வைப்பேன். நல்ல தண்ணி, நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி. "இனிக்குப்பா"ன்னா ஒரு நாளு. இருவத்தொன்பதாம் தேதி காலையில, வெள்ளன, துணியை எடுத்துட்டு நான் திரும்பறதுக்குள்ள போயிட்டா. அவகிட்ட ரிஜிஸ்டர் சங்கதியை நான் சொல்லவே இல்ல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். அப்பா பாத்த தண்ணின்னு நம்பித்தான் குடிச்சா, அப்படியே போனா.

நீ சிரிச்சேன்னு எழுதிருக்கிற இடத்தை நான் ஒரு பத்து தடவை வாசிச்சிருப்பேன். முதல்ல உன்னை வெட்டிப் போடணும்போல இருந்துது. அப்புறம் யோசிச்சேன். எழுதும்போது எனக்கும் சிரிப்புதாம்லே வந்துது. மொத நாளு எட்டுப் புள்ளி எட்டுன்னு போட்டப்ப, யதி இதைப் பாத்தா என்ன சொல்லுவான்னு நினைச்சுச் சிரிச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் நினைச்சுச் சிரிச்சிருக்கோம். நடுவுல ஒரு ஊரு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

தெரு முனை வரைக்கும் வந்தேன்னு எழுதிருந்தே. கதவைத் தட்டிருந்தா திறந்திருப்பேனான்னு எனக்குத் தெரியல. இனிமே வர வேண்டாம். இதுக்குப் பதிலும் போட வேண்டாம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தைக்காக நீ காத்திருப்பே, எனக்குத் தெரியும். அது என்கிட்ட இல்ல. எனக்கே இல்லாததை உனக்கு எங்கேர்ந்து குடுக்க?

பழைய லேப்காரன் ஒருத்தன்கிட்டச் சொல்லி ஒரு ப்யூரெட்டும் அரைப் பாட்டில் சில்வர் நைட்ரேட்டும் வாங்கினேன். இன்னைக்குக் காலையில சைக்கிள்ல மணல்விளைக்குப் போயி ஒன்பதாம் நம்பர்ல ஒரு பாட்டில் எடுத்தேன். கயிறு ராட்டினத்துல ஓடும்போது ஒரு பொம்பளை குடத்தோட நின்னுக்கிட்டு இருந்தா. குடிக்காதேம்மான்னேன். "வேற எங்க போக?"ன்னா. குடத்தை நிறைச்சுக்கிட்டுப் போயிட்டா.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில மக மாத்திரை வச்சிருந்த மேஜை மேல வச்சு அளந்தேன். குழாயில இருந்த அம்பது மில்லியும் சொட்டியும் நிறம் மாறல. பத்துல ஒரு பங்கா டிஸ்டில்டு வாட்டருல கலந்துதான் அளக்க முடிஞ்சுது. கீழ இருக்கிறதைப் பத்தால பெருக்கிக்கோ, பழைய அளவுக்குப் பதினாலரை மடங்கு உப்பு. அவசரப்படாம மூணு தடவையும் செங்கல் நிறம் வர்ற வரைக்கும் நின்னு பாத்து எழுதிருக்கேன்.

12.6
12.6
12.6

மூணும் ஒண்ணாவே வந்துது. முதல் தடவை ஒரு சொட்டு கூடத் தாண்டல. நீ இதைப் பாத்தா, பய உக்காந்த இடத்துல எழுதிட்டான்னுதான் சொல்லுவே. இதை யாருகிட்டக் குடுக்கணும்னு எனக்குத் தெரியல. அதான் உனக்கு அனுப்புதேன்.

சங்கரபாண்டியன்